மீண்டும் மாணாக்கராதல்



சுவாமி விபுலாநந்தர் மறைந்த நாள் 1947 யூலை 19. ஒவ்வோர் ஆண்டும் அந்நாளிலோ, அதை அண்டிய பாடசாலை நாளிலோ, எங்கள் கல்லூரிக் காலைக் கூட்டத்தில் அவரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும் பொறுப்பு தமிழாசிரியர்க்குரியது. ஆசிரியப் பணியேற்ற காலந்தொட்டு அந்தப் பேச்சை நானே நிகழ்த்திவந்தேன். காரைதீவிலே பிறந்தார், துறவு பூண்டார், பாடசாலைகளை வளர்த்தார், தமிழின் முதற் பேராசிரியரானார், யாழ் நூல் இயற்றினார் என்று வரிசையாகச் சொல்லி, “யாழ் நூல் தமிழிசைக்குச் சூட்டிய மணிமுடி” என்று முடிப்பேன். மாணவர் கைதட்டுவர். மணி அடிக்கும். வகுப்புக்குப் போவோம்.

2019 ஆம் ஆண்டு அப்படிப் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கியபோது, உயர்தரக் கணிதப் பிரிவு மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான்.

“சேர், ஒரு கேள்வி கேக்கலாமோ? யாழ் நூலிலை கணக்கு இருக்கெண்டு அப்பா சொன்னவர். என்ன கணக்கு சேர் அது?”

நான் அவனுடைய தோளிலே தட்டி, “நல்ல கேள்வி தம்பி. அது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. பிறகு வா, சொல்லுறன்” என்றேன். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

உண்மை என்னவென்றால், நான் யாழ் நூலைப் படித்ததில்லை. வீட்டிலே அந்த நூல் இருந்தது. முன்னுரையைப் படித்திருந்தேன். யாழின் உறுப்புகளைக் கூறும் பகுதியை மேலோட்டமாகப் பார்த்திருந்தேன். இசைநரம்பியல் என்னும் பகுதி வந்ததும், பின்ன எண்களையும் அட்டவணைகளையும் கண்டு மூடி வைத்தவன் நான். அவற்றைக் கண்டவுடனே “இது எங்கள் துறையன்று” என்று மனம் சொல்லிற்று. மனம் அப்படிச் சொல்லியது எனக்கு மிகவும் வசதியாகவும் இருந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, படியாத ஒரு நூலை மணிமுடி என்று புகழ்ந்து வந்திருக்கிறேன். இன்றைய உரை அந்த வெட்கத்திலிருந்து பிறந்தது.

பழகிய வட்டம்

ஆங்கிலத்திலே ‘கொம்ஃபோட் சோன்’ என்று ஒரு சொற்றொடர் இப்போது எங்கும் அடிபடுகிறது. முன்னேற்றப் பயிற்சி வகுப்புகளிலே அதை அடிக்கடி கேட்கலாம். நான் அதைப் ‘பழகிய வட்டம்’ என்று சொல்லிக்கொள்கிறேன். என்ன கேள்வி வரும், என்ன விடை சொல்வது, யார் மெச்சுவார், எங்கே பிழை வராது என்பதெல்லாம் முன்னரே தெரிந்த இடந்தான் பழகிய வட்டம்.

இந்த வட்டம் தீயது என்று சொல்ல நான் முன்வரவில்லை. தினமும் எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டுமானால் ஒருவராலும் வாழ முடியாது. தாய் சமைக்கும்போது உப்பின் அளவை நிறுத்துப் பார்ப்பதில்லை. பஸ் சாரதி ஒவ்வொரு வளைவையும் புதிதாக எண்ணுவதில்லை. பழக்கம் அவர்களுடைய கையிலே ஏறிவிட்டது. பழக்கம் தரும் அந்த ஓய்வினாலேயே மனிதனுக்கு வேறொன்றை நினைக்க நேரம் கிடைக்கிறது.

ஆனால் இவ்வட்டத்துக்கு ஒரு குணமுண்டு. அது நாம் அறியாமலே சுருங்கும். முதலாண்டிலே பத்து நூல்களைப் புரட்டிக் குறிப்பு எழுதிய ஆசிரியர், ஐந்தாம் ஆண்டிலே அக்குறிப்புக் கொப்பியை மட்டும் புரட்டுவார். பத்தாம் ஆண்டிலே கொப்பியும் வேண்டாம், எல்லாம் மனப்பாடம். மாணவர் மாறிக்கொண்டே வருவதால் அவருடைய பாடம் பழசாகிவிட்டதென்று சொல்வதற்கு வகுப்பிலே ஒருவருமில்லை. செக்குமாடும் நாள் முழுவதும் நடக்கத்தான் செய்கிறது. மாலையிலே அது நிற்கும் இடம் காலையில் நின்ற இடமே.

என்னுடைய கொப்பியின் ஓரங்கள் மஞ்சளாகிவிட்டன என்பதை அந்த மாணவனுடைய கேள்விக்குப் பிறகே கவனித்தேன். அப்படிக் கவனித்த பிறகும் நான் ஒன்றும் செய்யவில்லை. 2020 இலும் 2021 இலும் பெருந்தொற்று; பாடசாலைகள் மூடப்பட்டன. 2022 இலே எரிபொருள் நெருக்கடி. சாட்டுக்கு என்ன குறை? அந்த மாணவன் இதற்கிடையிலே உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கல்லூரியை விட்டுப் போய்விட்டான். “பிறகு வா” என்று நான் சொன்ன அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை.

2023 யூலையிலே மீண்டும் மேடையேறினேன். “மணிமுடி” என்ற சொல் வரவேண்டிய இடத்திலே எனக்குத் தொண்டை அடைத்தது. பேச்சைக் குறைத்துக்கொண்டு இறங்கினேன். அன்று மாலையே நூலை எடுத்தேன்.

ஐந்து முறை தொடக்கம்

நூலைத் திறப்பதற்கு முன்னர், நான் ஆண்டுதோறும் ஒப்புவித்து வந்த சுவாமியின் வரலாற்றையே மறுபடி எண்ணிப் பார்த்தேன். பட்டங்களும் பதவிகளும் நிரம்பிய வரிசையாக அதுவரை எனக்குத் தோன்றிய வரலாறு, இப்போது வேறு விதமாகத் தோன்றிற்று. அம்மனிதர் ஒரு துறையிலே நிலைபெற்ற வேளையிலெல்லாம் இன்னொன்றிலே போய் முதல் வகுப்பு மாணாக்கராக உட்கார்ந்திருக்கிறார்.

1892 இலே மட்டக்களப்பின் தென்பாகத்துக் காரைதீவிலே பிறந்த மயில்வாகனனார், ஆங்கிலம் கற்று ஆசிரியரானார். பயிற்றப்பட்ட ஆசிரியராகவும் ஆனார். அக்காலத்திலே அது நல்ல நிலை. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அவர் விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றார். 1916 இலே கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியின் விஞ்ஞான டிப்ளோமாவைப் பெற்றார். அதே ஆண்டிலே மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியெய்தினார். ஒரே காலத்திலே சோதனைக் குழாயும் இலக்கணச் சூத்திரமும் ஒரே கையிலே இருந்தன.

பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியர். தொடர்ந்து இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. 1920 இலே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர். வயது இருபத்தெட்டு. ஊரார் எழுந்து நின்று வணங்கும் பதவி அது. இரண்டே ஆண்டில், 1922 இலே, அதை விட்டுவிட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திலே புதுமுகத் தொண்டராகச் சேர்ந்தார். அதிபராக இருந்தவர் மடத்திலே மற்றவர் சொற்கேட்டு நடக்கும் பிரமசாரியானார். 1924 இலே சந்நியாசம் பெற்று விபுலாநந்தரானார்.

துறவியானபின் தோத்திரம் மட்டும் பாடிக்கொண்டிருக்கவில்லை. சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழர்க்கு அறிமுகப்படுத்தும் ‘மதங்க சூளாமணி’யை எழுதினார், அது 1926 இலே நூலாக வந்தது. நாடு திரும்பி, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை நடத்தினார். மட்டக்களப்பு கல்லடி உப்போடையிலே 1929 இலே சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். 1931 இலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். கவனியுங்கள்: பல்கலைக்கழகத்திலே அவர் பெற்ற பட்டம் விஞ்ஞானப் பட்டம். பேராசிரியப் பதவியிலும் சில ஆண்டுகளே இருந்தார். 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலிலே மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து ‘பிரபுத்த பாரதம்’ என்ற ஆங்கில இதழின் ஆசிரியராகப் பணிபுரிந்தார். 1943 இலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானார்.

இவற்றினூடே பல ஆண்டுகள் அவர் கற்றுக்கொண்டிருந்தது இசை. ஆசிரியர், பண்டிதர், விஞ்ஞானப் பட்டதாரி, துறவி, பேராசிரியர் என்ற ஐந்து நிலைகளையும் எய்திய ஒருவர், வழக்கொழிந்துபோன ஒரு கருவியின் நரம்புகளை எண்ணுவதற்காக மீண்டும் மாணாக்கரானார். 1947 யூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலிலே யாழ் நூல் அரங்கேறிற்று. அடுத்த மாதம் 19 ஆம் திகதி அவர் மறைந்தார்.

ஆய்வுகூடத்திலே ஒரு தமிழாசிரியர்

இனி என் சிறிய கதைக்கு வருகிறேன். நூலைத் திறந்தேன். மூன்று நாள் முயன்றேன். விளங்கவில்லை. சாதாரண தரத்தோடு கணிதத்தைக் கைகழுவியவனுக்குப் பின்ன எண்கள் மேல் பின்ன எண்கள் எப்படி விளங்கும்? யாரையாவது கேட்க வேண்டும். கேட்பதற்குக் கல்லூரியிலே இருந்தவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவரான பௌதிகவியல் ஆசிரியை. ஆசிரியர் அறையிலே என்னைக் காணும்போதெல்லாம் “சேர்” என்று எழுந்து நிற்பவர். அவரிடம் போய் “இது எனக்கு விளங்கவில்லை” என்று சொல்ல எனக்கு ஒரு வாரம் எடுத்தது.

இந்த ஒரு வாரந்தான் முழு விடயத்தின் மையம் என்பது என் எண்ணம். வட்டத்தை விட்டு வெளியே வருவதென்றால் மலையேறுவதும் கடல் தாண்டுவதும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது, நம்மைப் பெரியவராக மதிக்கும் ஒருவர் முன்னே தெரியாதவராக நிற்பதுதான். உழைப்புக்கு அஞ்சுவோரைவிட வெட்கத்துக்கு அஞ்சுவோரே அதிகம்.

ஆசிரியை சிரிக்கவில்லை. “வாங்கோ சேர், லாப்பிலை சுரமானி இருக்கு. கண்ணாலை பாத்தால் சுகமாய் விளங்கும்” என்றார். அக்கல்லூரியிலே இத்தனை ஆண்டு இருந்தும் பௌதிகவியல் ஆய்வுகூடத்தின் வாசலைத் தாண்டியது அன்றுதான் முதல்முறை.

சுரமானி என்பது உள்ளே கூடாக இருக்கும் ஒரு நீண்ட மரப்பெட்டி. அதன்மேல் ஒரு கம்பி. கம்பியின் ஒரு நுனி கட்டப்பட்டிருக்கும். மறுநுனி ஒரு கப்பியின் மேலாகச் சென்று ஒரு நிறையைத் தாங்கும். நிறை மாறாதவரை கம்பியின் இழுவிசையும் மாறாது. கம்பியின் கீழே நகர்த்தக்கூடிய இரண்டு மரத்துண்டுகள். அவற்றுக்குப் பாலம் என்று பெயர். பாலங்களுக்கிடையே உள்ள கம்பியைத் தட்டினால் ஒலி எழும்.

பாலங்களை 60 சென்ரிமீற்றர் இடைவெளியிலே வைத்துக் கம்பியைத் தட்டினார். “இதைக் குரல் எண்டு வைப்பம் சேர்” என்றார். பின்னர் 30 சென்ரிமீற்றர். அதே ஒலி, உயர்ந்து கேட்டது. பாதி நீளத்திலே அதிர்வு இரண்டு மடங்கு. பின்னர் 40 சென்ரிமீற்றர், அதாவது மூன்றில் இரண்டு பங்கு. தட்டியதும் என் உடல் சிலிர்த்தது. அது இளி. இன்றைய பாடகர் பஞ்சமம் என்னும் ஒலி. தம்பூரிலே கேட்டுக் கேட்டுப் பழகிய அதே உறவு. 45 சென்ரிமீற்றரிலே, நான்கில் மூன்று பங்கிலே, உழை.

சிலப்பதிகாரம் படிப்பிக்கும்போது குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழையும் நான் மாணவர்க்கு மனனம் செய்விப்பேன். அவற்றுக்குரிய அலகு 4, 4, 3, 2, 4, 3, 2 என்றும், கூட்டினால் 22 என்றும் சொல்வேன். ஐந்தாம் நரம்பு கிளை, நாலாம் நரம்பு நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை என்று பழைய உரை கூறுவதையும் சொல்வேன். இவையெல்லாம் எனக்கு வெறுஞ் சொற்களாகவே இருந்தன. குரலுக்கு இளி ஏன் கிளை, அதாவது சுற்றம்? இரண்டு நரம்பையும் ஒருங்கே தட்டிப் பாருங்கள். ஒன்றோடொன்று சண்டையிடாமல் ஒரு வீட்டார்போல் ஒலிக்கும். உறவின் அளவு 3 க்கு 2 என்ற எளிய எண். உரையாசிரியர் உறவுமுறைச் சொல்லாலே சொன்னதைப் பௌதிகவியல் எண்ணாலே சொல்கிறது.

“இன்னும் இருக்கு சேர்” என்றார் ஆசிரியை. இளியின் நீளத்திலே மீண்டும் மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் 26.7 சென்ரிமீற்றர். அது மேற்தாயிக்குப் போய்விடுவதால் இரட்டித்தால் 53.3. அது துத்தம். அதிலிருந்து மீண்டும் மூன்றில் இரண்டு. அது விளரி. இப்படிக் கிளைக்குக் கிளையாகச் சென்றால் ஒவ்வொரு நரம்பாகக் கைக்கு வரும்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழாசிரியனின் திறத்தைக் கூறும் இருபத்தைந்து அடிகளின் விரிவாகவே யாழ் நூல் அமைந்தது. அந்த அடிகளைத் தமிழறிந்தோர் காலங்காலமாகப் படித்தே வந்தனர். ஆனால் கணக்கிட்டுப் பார்க்கும் பயிற்சி அவர்கட்கு இல்லை. கணக்கறிந்தோர்க்கோ அவ்வடிகளும் உரையும் எட்டவில்லை. இரண்டு வட்டங்களும் ஒன்றையொன்று தொடாமல் கிடந்தன. இரண்டிலும் மாணாக்கராக இருந்து வந்த ஒருவரே இரண்டையும் இணைக்கக்கூடியவரானார். 1916 இலே கற்ற விஞ்ஞானம், முப்பது ஆண்டு கழித்துத் தமிழிசைக்கு உதவிற்று. ஒரு வட்டத்தை விட்டு வெளியேறும்போது பழைய அறிவைப் பறிகொடுத்துவிடுவோம் என்று அஞ்சுகிறோம். சுவாமியின் வாழ்விலே பழைய அறிவு காத்திருந்து கைகொடுத்தது. என் போன்ற சிறியவனுக்கும், மனனம் செய்த ஏழு பெயர்கள் ஆய்வுகூடத்திலே உயிர்பெற்றன.

துணையும் அளவும்

பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்குப் படித்தபோது, லெவ் வைகொட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளரின் கருத்தொன்றைப் பரீட்சைக்காக எழுதியிருக்கிறேன். 1896 முதல் 1934 வரை, முப்பத்தேழு ஆண்டுகளே வாழ்ந்தவர். ஒரு பிள்ளை தானாகச் செய்யக்கூடியது ஓர் எல்லை. எவ்வளவு உதவி செய்தாலும் இப்போதைக்குச் செய்ய முடியாதது இன்னோர் எல்லை. இரண்டுக்கும் இடையே, அறிந்த ஒருவரின் துணையோடு செய்யக்கூடிய ஒரு பகுதி உண்டு. கல்வி நிகழும் இடம் அதுவே என்றார் அவர். அண்மை விருத்தி வலயம் என்று அதை நாங்கள் எழுதினோம், புள்ளிகளும் பெற்றோம்.

அதை நான் பிள்ளைகளுக்கு உரியதென்றே நினைத்திருந்தேன். நாற்பது கடந்த ஆசிரியருக்கும் அதே விதிதான் என்பது சுரமானியின் முன்னே விளங்கிற்று. தனியே மூன்று நாள் முயன்று விளங்காதது, துணையோடு ஒரு மணித்தியாலத்திலே விளங்கிற்று. ஆகவே வட்டத்தை விட்டு வெளியே வா என்று ஒருவரை வெறுமனே தள்ளிவிடுவது அறிவுடைமையன்று. எவ்வளவு தூரம், யார் துணை என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். முதல் நாளிலேயே நூல் முழுவதையும் விளங்கிக்கொள்ள முனைந்திருந்தால் நான் மீண்டும் அதை மூடி வைத்திருப்பேன்.

ஒரு தாயாரின் கேள்வி

2024 யூலை நினைவு நாளிலே, மேடைக்குச் சுரமானியைக் கொண்டுவந்தேன். குரலையும் இளியையும் ஒலிப்பித்துக் காட்டினேன். பழகிய வட்டத்தை விட்டு வெளியே வரும் துணிவைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசினேன். கூட்டம் முடிந்ததும், விருந்தினராக வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னை அழைத்தார். எழுபது கடந்தவர்.

“தம்பி, யாழைப் பற்றிச் சொன்னது நல்லாயிருந்தது. ஆனால் எங்கடை சனத்துக்கு வெளிக்கிடச் சொல்லிக் குடுக்க வேணுமோ? வெளிக்கிட்டு வெளிக்கிட்டே களைச்ச சனம் நாங்கள்.”

எனக்குப் பதில் வரவில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு என் கண்முன்னே வந்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது. வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான சனங்கள் நாவற்குழிப் பக்கமாக நகர்ந்த இரவு. மழை. ஓரடி வைத்தால் அடுத்த அடிக்கு இடமில்லை. அம்மா ஒரு கையிலே தங்கையையும், மறு கையிலே உடுப்புப் பையையும் பிடித்திருந்தார். அந்த இரவை ‘வளர்ச்சி’ என்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நான் அவரை மன்னித்திருக்க மாட்டேன்.

அந்தத் தாயாரின் கேள்விக்கு நான் பல நாள் யோசித்துக் கண்ட விடை இது. துரத்தப்படுவதும் புறப்படுவதும் வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு ஒன்றுபோல் தோன்றலாம். மூன்று இடங்களிலே அவை வேறுபடும். புறப்படுபவர் வேண்டாமென்றும் சொல்லியிருக்கலாம். துரத்தப்படுபவருக்கு அந்த உரிமை இல்லை. புறப்படுபவருக்குத் திரும்பிவர ஒரு வீடு உண்டு. துரத்தப்படுபவருக்கு அது உறுதியில்லை. புறப்படுபவர் தாம் கற்றதைக் கையோடு கொண்டுபோய் அங்கே பயன்படுத்துவார். துரத்தப்படுபவர் அதைக்கூட வழியிலே விட்டுச்செல்ல நேரலாம். இடம்பெயர்ந்தோர் பலர் பின்னாளிலே உயர்ந்தார்கள் என்பது மெய். அந்தப் பெருமை அவர்களுடையது. அவர்களைத் துரத்திய துன்பத்துக்கு அதிலே பங்கு கொடுக்கலாகாது.

ஆகவே, நிலையான வட்டமே கிடைக்காத பிள்ளைக்கு வட்டத்தை விட்டு வெளியே வா என்று போதிப்பது கொடுமை. வீட்டிலே அமைதியில்லாத பிள்ளைக்கு, ஒரே நேரத்துக்கு மணி அடிக்கும் பாடசாலையும், ஒரே இடத்திலே இருக்கும் வாங்கும், ஒரே முகத்தோடு வரும் ஆசிரியருமே முதலிலே வேண்டும். அது உறுதியான பிறகு, அந்தப் பிள்ளை தானாகவே கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும். அப்போது உடன்போவது எங்கள் கடமை.

2022 நெருக்கடிக்குப் பின்னர் உயர்தர மாணவர் பலர், “நாட்டை விட்டுப் போறதுதானே சேர் முன்னேற்றம்?” என்று கேட்கிறார்கள். போவோரை நான் குறைகூற மாட்டேன். குடும்பத்தின் பசியை அறிந்தவரே அந்த முடிவை எடுக்க வேண்டும். ஆனால் தூரத்தைக்கொண்டு வளர்ச்சியை அளக்க முடியாது. பல்லாயிரம் மைல் போயும் தம் பழைய எண்ணங்களை ஓரங்குலம் நகர்த்தாதவர் உண்டு. ஊரை விட்டு அசையாமலே, அறுபது வயதிலே சிங்களம் படிக்கத் தொடங்கியவரும், பேரப்பிள்ளையிடம் கணினி பழகுபவரும் உண்டு. நான் நடந்த தூரம் ஆசிரியர் அறையிலிருந்து ஆய்வுகூடம் வரை ஐம்பது யார்.

என் அடியை எப்படி அறிவது?

நேயர்கள் கேட்கலாம்: எனக்குரிய அடி எது என்று எப்படி அறிவது? எனக்குப் பயன்பட்டவற்றைச் சொல்கிறேன்.

எதைப் பற்றி நீங்கள் அடிக்கடி சாட்டுச் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். “நேரமில்லை”, “அது நமது துறையன்று”, “இந்த வயதிலே இனி எதற்கு” என்ற சொற்கள் எந்த வாசலிலே நின்று வருகின்றனவோ, பெரும்பாலும் அந்த வாசலே உங்களுக்குரியது. அடுத்து, அந்த வாசலுக்கு அப்பால் உங்கள் பழைய அறிவுக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் துணிந்து போகலாம். பிறகு, ஒருவரைத் துணை கேளுங்கள். அவர் இளையவராக இருந்தால் இன்னும் நல்லது. அவருக்கும் அது பெருமை. முதல் சில நாட்கள் தடுமாற்றமே மிஞ்சும் என்பதை முன்னரே ஏற்றுக்கொள்ளுங்கள். தடுமாறும் ஆசிரியரைக் கண்ட மாணவர் அவரை இகழ்வதில்லை. என் வகுப்பிலே இப்போது “விளங்கேல்லை சேர்” என்று கையுயர்த்துவோர் தொகை கூடியிருக்கிறது. முன்னரும் அவர்களுக்கு விளங்காமல்தான் இருந்திருக்கும். சொல்வதற்கு வெட்கப்பட்டிருப்பார்கள்.

இறுதியாக, ஆய்வுகூடத்திலே நான் கண்ட ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். குரலிலிருந்து கிளைக்குக் கிளையாகப் பன்னிரண்டு முறை சென்றால், தொடங்கிய குரலுக்கே திரும்பி வரவேண்டுமென்று நாம் எதிர்பார்ப்போம். ஆசிரியை கணித்துக் காட்டினார். ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.7. இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. இரண்டும் ஒன்றாவதில்லை. பன்னிரண்டு அடி நடந்து திரும்பும்போது, புறப்பட்ட ஒலியைவிட நூற்றுக்கு ஒன்றரைக்கும் சற்றுக் குறைந்த அளவு உயர்ந்து நிற்கிறோம். காதுக்கு அது மிகச் சிறிய வேறுபாடு. ஆனாலும் வட்டம் பழைய இடத்திலே மூடுவதில்லை.

2019 யூலையிலே என்னிடம் கேள்வி கேட்ட தம்பி இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. இந்த ஒலிபரப்பு அவருடைய காதிலே விழுந்தாலும் விழலாம். பத்திரிகையிலே அவருடைய தந்தையார் படித்தாலும் படிக்கலாம். தம்பி, நீர் கேட்ட கணக்கின் தொடக்கம் இதுதான்: நரம்பிலே பாதி, மூன்றில் இரண்டு, நான்கில் மூன்று. மிகுதி இசைநரம்பியலிலே இருக்கிறது. நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கே ‘எனக்குத் தெரியாது, வாரும் சேர்ந்து பார்ப்போம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதற்கு மன்னியும்.